பாட்டி காலத்து ஷாம்பு கட்டிக்கு எந்த எண்ணெய்?

போன மாசம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. கேளம்பாக்கத்தில் தங்கி வேலை பார்க்கிற ஒரு நேயர். போர்வெல் தண்ணீரில் குளித்துக் குளித்து முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டதாம். இனி கடை ஷாம்பு வேண்டாம், வீட்டிலேயே ஷாம்பு பார் செய்யப் போறேன், 'பாட்டி காலத்து முறையில' செய்யணும்னா எந்த எண்ணெய் சேர்க்கணும்னு கேட்டிருந்தார்.

இது வரலாறு பேசுற நிகழ்ச்சி, சோப்பு வகுப்பு இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதில் இருந்த 'பாட்டி'தான் காரணம்.

மாமல்லபுரம் போற வழியில் ஒரு கடையில் நானும் அப்படி ஒரு கட்டியை வாங்கியிருக்கேன். வாழைநாரில் கட்டி, மேலே 'பாரம்பரியம்' என்று அச்சடித்த அட்டை. உள்ளே தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய். மூன்றாவது குளியலில் தலைமுடி மெழுகு தடவிய மாதிரி பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டது. சரி, நம்ம தலைதான் சரியில்லை என்று விட்டுவிட்டேன். பிறகு யோசித்தால், செங்கல்பட்டில் இருந்த என் பாட்டி ஒரு நாளும் சோப்பு காய்ச்சவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நல்லெண்ணெயில் நாலு மிளகு போட்டுச் சூடு பண்ணுவாள். அதை உச்சியில் வைத்துத் தேய்ப்பாள். ஊறவிட்டு, சீயக்காயோ அரப்போ போட்டு அலசுவாள். அவ்வளவுதான். எண்ணெய் தலைக்கு மேலே போனது, சோப்புச் சட்டிக்குள் போகவில்லை.

ஏன் போகவில்லை? இந்தக் கரையில் சோப்பு செய்யத் தெரியாமலா, சாமான் இல்லாமலா?

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவாகிற பொருள். எண்ணெயில் இருக்கிற கொழுப்பு அமிலங்களைக் காரம் பிரித்து எடுத்துக்கொள்ளும், கிளிசரின் தனியாக வரும். இதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினவர் பிரான்ஸின் மிஷேல் ஷெவ்ரோல். அவர் புத்தகம் 1823-ல் வந்தது. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மக்கள் சோப்பு காய்ச்சிக்கொண்டுதான் இருந்தார்கள். வேண்டியது மூன்று பொருள்: சோடாச் சத்துள்ள காரம், அதற்கு வீரியம் ஏற்றச் சுண்ணாம்பு, எண்ணெய்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு செங்கல்பட்டுக் கடற்கரையைப் பாருங்க. காரமா? வண்ணார்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்தது உவர்மண்ணில். அது சோடாச் சத்துள்ள மண். முட்டுக்காடு, கோவளம் பக்கம் உப்பங்கழிக் கரையில் காலில் மிதிபடுகிற உமரிச் செடியும் அதே சத்தைத் தண்டில் சேர்த்து வைக்கிற செடிதான். ஐரோப்பாவில் இந்த வகைச் செடிகளை எரித்த சாம்பலில்தான் கண்ணாடியும் சோப்பும் செய்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரையில் உமரி மண்டிக் கிடப்பதைப் பார்த்து, உலகத்துக்கே சோப்பு செய்யப் போதுமான காரம் இங்கே கிடக்கிறதே என்ற தொனியில் எழுதி வைத்தார். அதே உமரியைத்தான் 1790களின் பஞ்சத்தில் கீரையாகத் தின்று ஏராளமானவர்கள் உயிர் பிழைத்தார்கள் என்பதும் அவர் எழுதினதுதான். சுண்ணாம்புக்கும் கடற்கரையில் குறைவில்லை, கிளிஞ்சலைச் சுட்டால் போதும். தென்னை இருந்தது, எள் இருந்தது, ஆமணக்கு இருந்தது.

சோப்புக்கு நம்ம ஊர்ப் பழைய பெயரே சவுக்காரம். இலங்கையில் இன்றைக்கும் சவர்க்காரம்தான். அந்தச் சொல்லில் காரம் இருக்கு, எண்ணெய் இல்லை. அது துணிக்கான பொருளாகத்தான் பல வீடுகளில் நுழைந்தது. 'சவுக்காரக் கட்டி' என்றால் என் பாட்டிக்குத் துவைக்கிற கல்தான் ஞாபகம் வரும்.

அப்போ தடையாக நின்றது எது? என் கணிப்பு, எண்ணெயின் மதிப்பு.

8ஆம் நூற்றாண்டுக்குப் போவோம். பல்லவன் இரண்டாம் நந்திவர்மன் தன் 22ஆம் ஆட்சியாண்டில் ஊற்றுக்காட்டுக் கோட்டத்தில் கொடுகொள்ளி என்ற ஊரைத் தானமாகக் கொடுத்தான். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் வரும் பகுதி அது. தானம் எழுதின செப்பேடு 1879-ல் காரைக்கால் பக்கத்துக் காசாக்குடியில் கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் இனி என்னென்ன வரி கட்ட வேண்டாம் என்று அதில் ஒரு நீளமான பட்டியல் இருக்கு. பட்டியலில் செக்கும் தறியும் இருக்கு. நெய் விலையும் இருக்கு. வரி போடுகிற அளவுக்குச் செக்கு அரசன் கண்ணில் பட்டிருக்கு என்றால், எண்ணெய் லேசுப்பட்ட சரக்கு இல்லை.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இன்னும் தெளிவு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு எரிய, ஒருத்தர் 96 ஆடு கொடுப்பார். அந்த ஆட்டை மேய்க்கிறவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்கணும். 'சாவா மூவாப் பேராடு' என்று அந்த ஆடுகளுக்குப் பெயர். செத்தாலும் கிழடானாலும் கணக்கில் எண்ணிக்கை குறையக் கூடாது. ஒரே ஒரு விளக்குக்கு 96 ஆடு! அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தர் ஒரு படி எண்ணெயை எடுத்துக் காரத்தில் கொட்டிக் காய்ச்சுகிறார் என்றால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்களா?

எண்ணெய் என்றால் வெளிச்சம். இதை நாம மறந்தே போய்விட்டோம். இலுப்பை எண்ணெய் கோயில் விளக்குக்கு. புன்னை எண்ணெய் கடலோர வீட்டு விளக்குக்கு. விளக்கெண்ணெய்க்குப் பெயரிலேயே விளக்கு இருக்கு. 1796-ல் சென்னைக் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் முதல் கலங்கரை விளக்கம் ஏற்றினார்களே, அதில் எரிந்தது தேங்காய் எண்ணெய். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கப்பல்கள் கரை பிடித்தன.

தலைக்கு எண்ணெய் தேய்ப்பதும் இந்த மதிப்பில் ஒரு பங்குதான். ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி, வருஷத்துக்கு ஒரு தீபாவளி. தேய்த்த எண்ணெயை எடுக்க அரப்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை. மூன்றும் காட்டிலும் புதரிலும் கிடைப்பவை. அவற்றில் இருக்கிற சபோனின் நுரைக்கும், எண்ணெயைப் பிடித்து இழுக்கும். சீயக்காய்க் கரைசல் லேசாகப் புளிப்புப் பக்கம் இருக்கும். தலைத்தோலும் புளிப்புப் பக்கம்தான். சோப்பு நேர் எதிர், பிஹெச் 9, 10 என்று காரத்தில் நிற்கும். இன்னொரு வித்தியாசம் நம்ம நேயருக்கு ரொம்ப முக்கியம். சபோனின் உப்புத் தண்ணீரோடு சண்டை போடாது. சோப்பு போடும். அதற்குக் கடைசியில் வர்றேன்.

நிலைமை மாறினது மண்ணெண்ணெயால். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தகர டின்னில் மண்ணெண்ணெய் வந்தது, மலிவாக, பளிச்சென்று எரிந்தது. விளக்கில் இருந்த எண்ணெய்கள் வேலை இழந்தன. ஆமணக்கும் இலுப்பையும் புன்னையும் புது வேலை தேட வேண்டியதாயிற்று.

அதே காலத்தில் இன்னொரு எண்ணெய் வித்து கப்பலேறிக்கொண்டிருந்தது. மாமல்லபுரத்திலிருந்து ஈ.சி.ஆரில் தெற்கே நூறு கிலோமீட்டருக்குள் புதுச்சேரி. அங்கே இருந்து மூட்டை மூட்டையாக நிலக்கடலை பிரான்ஸின் மார்செய்க்குப் போனது. மார்செய் சோப்பு என்று இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் ஆலிவ் கிளையோடு படம் போடுகிறார்களே, அந்த ஊர்தான். அங்கே ஆலிவ் எண்ணெய் விலை ஏறினபோது, சோப்புக்காரர்கள் இந்தியாவின் எள்ளையும் கடலையையும் ஆப்பிரிக்கக் கடலையையும் ஆட்டிக் காய்ச்சத் தொடங்கினார்கள். தென்னார்க்காட்டு விவசாயி ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்த ஒரு சோப்புச் சட்டிக்காகக் கொல்லையில் கடலை போட்டார். 1890களில் அந்தக் கடலை ரகம் நோயில் விழுந்து விளைச்சல் சரிந்தபோது, மொரீசியஸ் கடலை என்று புது விதை வந்து பயிர் திரும்ப எழுந்தது. ஆக, இந்தக் கரையின் எண்ணெயைச் சோப்புக்கு என்று முதலில் பெரிய அளவில் தேர்ந்தெடுத்தவர்கள் நம்ம பாட்டிமார் இல்லை, மார்செய் வியாபாரிகள். அந்த நேரத்தில் எதிர்த்திசையில் லீவர் கம்பெனியின் சன்லைட் சோப்பும் 1888-ல் கல்கத்தாவில் இறங்கிவிட்டது. வித்து போச்சு, கட்டி வந்தது.

வந்த கட்டியில் என்ன கொழுப்பு என்பது அடுத்த தகராறு. ஐரோப்பியச் சோப்பில் மாட்டுக் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பு சகஜம். சோப்புக்கு அது நல்ல பொருள்தான், கட்டி கெட்டியாக வரும், நுரை நிதானமாக நிற்கும். ஆனால் எந்தக் கொழுப்பை யார் தொடலாம் என்பது இங்கே சாதியோடும் மதத்தோடும் கட்டப்பட்ட விஷயம். 1918 வாக்கில் அர்தேஷிர் கோத்ரேஜ் விலங்குக் கொழுப்பே சேராத சோப்பு என்று சொல்லி விற்றது ரசாயனத்துக்காக மட்டும் இல்லை. 1983-ல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்புக் கலப்படம் என்று பெரிய கலவரமாகி, அரசு அந்தக் கொழுப்பின் இறக்குமதியையே நிறுத்தியது. சோப்புக் கம்பெனிகள் தாவர எண்ணெய் பக்கம் முழுசாகத் திரும்பின. இன்றைக்கு 'வீகன்' என்று போடுகிற லேபிளுக்கு இங்கே அந்தச் சொல் வருவதற்கு முன்பே ஒரு வரலாறு இருக்கு. அது அவ்வளவு அழகான வரலாறும் இல்லை. தாவர எண்ணெய் 'சுத்தம்', மற்றது 'தீட்டு' என்ற கணக்கும் அதற்குள் உட்கார்ந்திருக்கு.

மீனையும் விடவில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறையை வளர்த்த ஃபிரெடரிக் நிக்கல்சன் மேற்குக் கரையில் மத்தி எண்ணெயை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தவர். அந்த முயற்சியிலிருந்து 1914-ல் கோழிக்கோட்டில் ஒரு அரசுச் சோப்பு நிலையம் வந்தது. மீன் எண்ணெய்ச் சோப்பு செடிப் பூச்சிக்கு அடிக்க உதவியது. தலைக்கு வேண்டாம், நாற்றம் தாங்காது.

இப்போ செங்கல்பட்டுக்குத் திரும்புவோம். எண்ணெய்த் தேர்வு உயிர்ப் பிரச்சினையாக இருந்த இடம் ஒன்று அங்கே இருக்கு. ஊருக்குப் பக்கத்தில் திருமணி. 1924-ல் அங்கே லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1955-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு, இன்றைக்கு மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக இருக்கு. அது தொடங்கின காலத்தில் தொழுநோய்க்குக் கையில் இருந்த மருந்து ஓர் எண்ணெய்தான். சால்மூக்ரா வகை. நம்ம பக்கம் அதன் உறவுமரம் நீரடிமுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது.

அந்த எண்ணெயைக் குடித்தால் குமட்டும். ஊசியாகப் போட்டால் கெட்டியான எண்ணெய் தசைக்குள் கரையாமல் நின்று வலி உயிரை எடுக்கும். எப்படிக் கரைய வைப்பது? கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் அதன் கொழுப்பு அமிலங்களைச் சோடியத்தோடு சேர்த்து உப்பாக்கி ஊசி போட்டார். கொழுப்பு அமிலமும் சோடியமும் சேர்ந்தால் என்ன? சோப்பு! வேதியியல்படி அது சோப்பு ஊசிதான். ஹவாயில் ஆலிஸ் பால் என்கிற இளம் கறுப்பினப் பெண் 1915, 16-ல் அதே அமிலங்களை எத்தில் எஸ்டராக்கி ஊசிக்குத் தோதாக்கினார். 24 வயதில் இறந்துபோனார். அவர் முறைக்கு வேறொருவர் பெயர் எடுத்துக்கொண்டார். திருமணியில் 1935 முதல் இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் தலைமுறை வரைக்கும் இந்த எண்ணெய்கள்தான் நம்பிக்கை. 1940களின் பின்பகுதியில் டாப்சோன் வந்த பிறகு எண்ணெய் ஓரம் போனது. அது எவ்வளவு பேரைக் குணப்படுத்தியது என்பதில் மருத்துவர்களுக்கே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. ஆனால் வலிக்கும் என்று தெரிந்தும் வாரா வாரம் அந்த ஊசிக்குக் கை நீட்டினவர்களை நினைத்துக்கொள்வேன், சோப்புச் சட்டி முன்னால் நிற்கும்போதெல்லாம்.

ஷாம்பு கதை சின்னது, பக்கத்து ஊர் கதை. கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் பொருள்களைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் போட்டு விற்றால் ஏழையும் வாங்குவான் என்று நினைத்தார். அவர் குடும்பத்திலிருந்துதான் வெல்வெட் ஷாம்பு சாஷே வந்தது. 1983-ல் மகன் ரங்கநாதன் தனியாகப் போய் சிக் ஷாம்பு தொடங்கினார். சில்லறைக் காசுக்கு ஒரு குளியல். அரப்பு இடிக்கிற வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தானே விழுந்தது, அவர்கள் ஷாம்புக்கு மாறினதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு வேடிக்கை மட்டும் சொல்லணும். ஷாம்பு பாட்டிலில் 'லாரில்', 'லாரெத்' என்று படித்துப் பயப்படுகிறோம் இல்லையா, அந்த லாரில் பொதுவாகத் தேங்காய் எண்ணெயிலிருந்தோ பனைவிதை எண்ணெயிலிருந்தோ வருவது. தேங்காய் எண்ணெயில் பாதிக்குப் பாதி லாரிக் அமிலம்தான்.

சரி, எந்த எண்ணெய்? நானே காய்ச்சிப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் நுரையும் சுத்தமும் கொடுக்கும், அதிகமானால் முடியைச் சுரண்டி எடுத்துவிடும். விளக்கெண்ணெய் நுரையைப் பட்டு மாதிரி ஆக்கும், அதிகமானால் கட்டி பசை மாதிரி இளகும். நல்லெண்ணெய் சோப்பு மெத்தென்று இருக்கும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதோடு, சாப்பிடுகிற எண்ணெயைச் சட்டியில் கொட்ட எனக்கு மனசு வரலை. காதி கமிஷன் ஒரு காலத்தில் வேம்பு, இலுப்பை, புங்கம் என்று சாப்பிடாத எண்ணெய்களையே சோப்புக்கு எடு என்று ஊர் ஊராகச் சொன்னது. நான் இலுப்பையைத் தேர்ந்தெடுத்தேன். ஆறினால் உறைகிற எண்ணெய், கட்டி கெட்டியாக வரும். வாங்கும்போது பார்த்து வாங்குங்க. விளக்குக்கு என்று விற்கிற கலவைகளில் பாரஃபின் எண்ணெய் இருந்தால் அது சோப்பே ஆகாது.

முதல் தடவை கோட்டை விட்டேன். 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு எழுதி வைத்திருந்த கணக்கில் 87 கிராம் காஸ்டிக் சோடா. எண்ணெயை மட்டும் மாற்றி, கணக்கை மாற்றாமல் விட்டுவிட்டேன். 100 கிராம் தேங்காய் எண்ணெய் 18 கிராம் சோடா கேட்கும், விளக்கெண்ணெய் 13 கிராம்தான் கேட்கும், இலுப்பையும் கிட்டத்தட்ட அவ்வளவே. மிச்சச் சோடா கட்டிக்குள் அப்படியே நின்றது. நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன், சுரீர் என்றது. அதைத் தலையில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! தூக்கிப் போட்டேன். அடுத்த தடவை தேங்காய் 200, இலுப்பை 225, விளக்கெண்ணெய் 75, சோடா 73 கிராம். கையுறை, கண்ணாடி போட்டு, சோடாவைத் தண்ணீரில்தான் கொட்டணும், தண்ணீரைச் சோடாவில் கொட்டக் கூடாது. ஆறு வாரம் காற்றில் காயவிட்டேன்.

அந்தக் கட்டியையும், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தேங்காய் எண்ணெயில் செய்த ஒரு கட்டியையும் எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனேன். ஒரு மக்கில் கடல் தண்ணீர். என் இலுப்பைக் கட்டி திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாகப் போனது. தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத அழுக்காக மாற்றிவிடும், உப்பும் சேர்ந்து சோப்பைக் கரையவிடாது. தேங்காய்க் கட்டி மட்டும் நுரைத்தது. கப்பல்காரர்கள் கடல் தண்ணீரில் குளிக்க ஒரு காலத்தில் தேங்காய்ச் சோப்புதான் வைத்திருந்தார்கள், அதைக் கண்ணால் பார்த்தாயிற்று. பக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பசங்க, அண்ணா கடலுக்கே சோப்பு போடுறீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கேளம்பாக்கம் நண்பரே, உங்க போர்வெல் தண்ணீர் கடல் அளவு இல்லை, ஆனால் அந்தத் திசையில்தான் இருக்கு. சோப்புக் கட்டிதான் வேணும்னா தேங்காயைக் கூட்டுங்க, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் அலசுங்க, ஒட்டின அழுக்கு கரையும். பாட்டி முறைதான் வேணும்னா நாட்டு மருந்துக் கடையில் அரப்புத் தூள் கிடைக்கும். நான் அதற்குத்தான் மாறிட்டேன். கண்ணில் படாமல் பார்த்துக்கோங்க, எரியும்.

இலுப்பைக் கட்டி இன்னும் நாலு மீதி இருக்கு. பாத்திரம் தேய்க்க வச்சிருக்கேன், எண்ணெய்ச் சட்டி நல்லா சுத்தமாகுது.